அந்த நாள் (1954): உளவுக் கதையும் அது கேட்காமல் விட்ட கேள்வியும்

அந்த நாள், 1954 ஏப்ரல் 13 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். ஏவி.எம். நிறுவனத்தின் சார்பில் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்தார். வீணைக் கலைஞராகப் புகழ்பெற்ற எஸ். பாலசந்தர் கதை எழுதி இயக்கினார். திரைக்கதையும் வசனமும் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு எஸ். மாருதிராவ். சிவாஜி கணேசன், பண்டரிபாய், டி.கே. பாலச்சந்திரன், எஸ். மேனகா, சூர்யகலா, பி.டி. சம்பந்தம் ஆகியோர் நடித்தனர். துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமனே நடித்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜப்பானுக்காக உளவு பார்த்த ஒரு வானொலிப் பொறியாளனின் கொலையைத் துப்பறியும் கதை இது. அந்த ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று செய்திகளைச் சொல்வார்கள். பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்பது ஒன்று. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' படத்தின் பாதிப்பில் உருவானது என்பது இன்னொன்று. கதாநாயகன் தேசத்துரோகி என்பது மூன்றாவது. மூன்றும் சரியே. ஆனால் இவற்றைச் சொல்லி முடித்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. போர்க்கால உளவுக் கதையாக இதை எடுத்துக்கொண்டு, 1943-ஆம் ஆண்டின் சென்னையில் 'எதிரி' என்ற சொல் யாரைக் குறித்தது, படம் யாரைக் குறிப்பதாக வைத்துக்கொண்டது என்று கேட்டவர்கள் குறைவு. படத்தின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன.

கதை

1943 அக்டோபர் 11. சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள். அதே நாளில் ராஜன் என்ற பொறியாளன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். வெடிச்சத்தம் கேட்ட அண்டைவீட்டுக்காரர் சின்னையா பிள்ளை காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். ஆய்வாளர் புருஷோத்தம நாயுடுவும் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமும் விசாரிக்க வருகிறார்கள்.

சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். பட்டாபி தன் மனைவி ஹேமாவையே காட்டுகிறான். ஹேமா, ராஜனுடன் தொடர்பு கொண்டிருந்த நாட்டியக்காரி அம்புஜத்தைக் காட்டுகிறாள். அம்புஜம் சின்னையா பிள்ளையைக் காட்டுகிறாள். சுட்டுவிரல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. இந்தச் சுற்றில் ஒருவர் மட்டும் விடுபட்டிருக்கிறார். ராஜனின் மனைவி உஷா.

கடைசியில் உஷா சொல்லும் கதையே உண்மை. கல்லூரியில் நாட்டுப்பற்றுப் பேசிய பெண் அவள். அதை ஏளனம் செய்த மாணவன் ராஜன். முரண்பட்டவர்கள் காதலித்து மணந்துகொள்கிறார்கள். தன் அறிவையும் ஆராய்ச்சியையும் சொந்த நாடு மதிக்கவில்லை என்ற கசப்பு ராஜனை ஜப்பானின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கணவன் எதிரிக்குச் செய்தி அனுப்புகிறான் என்பதைக் கண்டுபிடிக்கும் உஷா, அவனைத் திருத்தப் பார்க்கிறாள். முடியவில்லை. கொல்வதற்கென்று எடுத்த துப்பாக்கி, கொல்ல மனம் வராமல் கை தளர்ந்த நேரத்தில் வெடித்துவிடுகிறது.

ரஷோமானிலிருந்து எவ்வளவு தூரம்

1950-இல் வந்த 'ரஷோமான்', 1951-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. அடுத்த ஆண்டு இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவின்வழி இங்குள்ளவர்களின் பார்வைக்கும் வந்தது. அதைப் பார்த்த பாலசந்தர் முதலில் நாடகமாக எழுதி வானொலிக்கு அனுப்பினார். வானொலி திருப்பி அனுப்பிவிட்டது. வானொலிப் பொறியாளனின் கதையை வானொலி மறுத்தது ஒரு வேடிக்கைதான்.

'ஒரே நிகழ்ச்சி, பல வாக்குமூலங்கள்' என்ற அமைப்பு இரண்டு படங்களுக்கும் பொது. ஒற்றுமை ஏறக்குறைய அதோடு முடிகிறது. ரஷோமானில் கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்றேன்' என்கிறான். மனைவி தன் கையால் நேர்ந்தது என்கிறாள். இறந்த சாமுராயின் ஆவி, தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறது. அதாவது ஒவ்வொருவரும் பழியைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறார்கள். தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருக்கும் கௌரவமான சித்திரத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லும் பொய்கள் அவை. அந்த நாளில் ஒவ்வொருவரும் பழியை அடுத்தவர்மேல் தள்ளுகிறார்கள். இவர்கள் காப்பாற்ற நினைப்பது கழுத்தை.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. ரஷோமானில் உண்மை இதுதான் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. அந்த நாளில் முடிவுகட்டலாம். ஐந்தாவது வாக்குமூலம் முந்தைய நான்கையும் அடித்துவிடுகிறது. ஆகவே இது உண்மை என்பதன் இயல்பைப் பற்றிய தத்துவப் படம் அல்ல, துப்பறியும் படம். அந்தோனி அஸ்க்வித் இயக்கி 1950-இல் வந்த 'தி வுமன் இன் குவெஸ்சன்' என்ற ஆங்கிலப் படம், கொலையுண்ட ஒரு பெண்ணைப் பலர் பலவிதமாக நினைவுகூர்வதைக் காட்டுவது. அந்த நாள் அதற்கே நெருக்கமான உறவு. பழியை மாற்றி மாற்றித் தள்ளும் முறை குரோசாவாவிடமிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அது பங்காளிச் சண்டையையும் திண்ணைப் பேச்சையும் நன்றாக அறிந்தவர்கள் எழுதியது. சொத்துப் பங்கு கேட்கும் தம்பி, கணவனைத் தூண்டிவிடும் தம்பி மனைவி, அடுத்த வீட்டில் நடப்பதை எட்டிப் பார்க்கும் பெரியவர் எல்லோரும் நம் தெருவில் இருப்பவர்கள். போர்க்கால உளவு என்ற பெரிய விஷயத்தைப் படம் இந்தச் சிறிய சச்சரவுகளுக்குள் ஒளித்துவைக்கிறது. பார்வையாளர் சொத்தையும் கள்ளத்தொடர்பையும் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும்போது நாட்டுத் துரோகம் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது.

ஏமாற்றுகிறவன் பக்கமும் ஏமாந்தவர் பக்கமும்

எதிரியை ஏமாற்றுவது போரில் பழைய கலை. தமிழில் தந்திரக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல்லே ஒரு போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டன். அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, தனக்கிருந்த மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்றையும் நிறுத்திக்கொண்டு பிரிட்டிஷ் கப்பலைப்போலத் தோற்றம் காட்டியது.

இரண்டாம் உலகப்போரில் இந்தக் கலை ஒரு துறையாகவே வளர்ந்தது. 1943 ஏப்ரல் 30 அன்று பிரிட்டிஷார் ஒரு பிணத்துக்குக் கடற்படைப் பிரிவு அதிகாரியின் உடை அணிவித்து, பொய்யான கடிதங்களுடன் ஸ்பெயின் கரையருகே மிதக்கவிட்டார்கள். நேச நாடுகள் கிரேக்கத்தைத் தாக்கப்போகின்றன என்று ஜெர்மனி நம்பியது. ஜூலையில் படைகள் சிசிலியில் இறங்கின. இந்தச் சம்பவம் 'தி மேன் ஹூ நெவர் வாஸ்' என்ற பெயரில் புத்தகமாகி, 1956-இல் படமாகவும் வந்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஆள் ஒருவர் இருந்தார். 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸைப் பெஷாவரிலிருந்து காபூலுக்கு அழைத்துச் சென்ற பகத்ராம் தல்வார்தான் அவர். பின்னாளில் அவர் பிரிட்டிஷாருக்காக வேலை செய்தார். 'சில்வர்' என்பது அவருக்கு வைத்த மறைபெயர். ஜேம்ஸ்பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங்கின் அண்ணன் பீட்டர் ஃப்ளெமிங் டெல்லியிலிருந்து அவரை இயக்கினார். பொய்ச் செய்திகள் வானொலி அலையில் ஜெர்மனிக்குப் போயின. போஸைத் தப்புவிக்க உதவிய அதே மனிதர், போஸுக்கு உதவிய நாட்டை ஏமாற்றினார். இந்த ஒருவரின் வாழ்க்கையை வைத்து நான்கைந்து படம் எடுக்கலாம்.

இத்தகைய கதைகளில் பார்வையாளர் ஏமாற்றுகிறவனின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கப்படுகிறார். தந்திரம் பலிக்குமா என்பதே பதற்றம், பலித்தால் கைதட்டல். ஏமாந்தவர்கள் எங்கோ தொலைவில் முகமில்லாமல் இருப்பார்கள். தமிழில் போர் நடந்துகொண்டிருந்தபோதே இந்த வகையில் படம் வந்திருக்கிறது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1945-இல் எடுத்த 'பர்மா ராணி', ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினரின் கதை. கே.எல்.வி. வசந்தா நடித்தார். ஜப்பானியத் தளபதியாகச் சுந்தரமே நடித்தார். போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படி அரசு தயாரிப்பாளர்களை நெருக்கிய காலம் அது. கச்சாப் பிலிமே அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே அதில் யார் எதிரி என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அந்த நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டது. உளவாளி எப்படிச் செய்தி திரட்டினான், எப்படி அனுப்பினான் என்ற தொழில்நுட்பத்தில் படத்துக்குப் பெரிய அக்கறை இல்லை. உளவாளியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு அவன் யாராகத் தெரிந்தான் என்பதில்தான் அக்கறை. தம்பிக்கு அவன் கைவிரிக்கும் அண்ணன். அம்புஜத்துக்குக் காதலன். அண்டைவீட்டாருக்கு ஏதோ ஆராய்ச்சி செய்யும் படித்த மனிதன். ஒவ்வொருவரும் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு முழு மனிதனைப் பார்த்ததாக நம்புகிறார்கள். உளவாளிக்கு வேண்டிய மறைப்பு வேடத்தை அவன் தைக்க வேண்டியதில்லை. சுற்றியிருப்பவர்களே ஆளுக்கொரு துண்டாகத் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். உளவுக் கதைகளில் இது அபூர்வமான பார்வை. எழுபது ஆண்டுகள் கடந்தும் படம் பழசாகத் தெரியாததற்கு இதுவே முதல் காரணம்.

1943-இல் எதிரி யார்

படம் தேர்ந்தெடுத்த தேதி சாதாரணமானதல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்று மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். விலங்குக் காட்சிச்சாலையின் சிங்கம், புலிகள் கூண்டை உடைத்து வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டன. ஒன்றரை ஆண்டு கழித்து 1943 அக்டோபரில் உண்மையாகவே விழுந்த குண்டுகளால் பெரிய சேதமில்லை. ஊர் அதை விரைவில் மறந்தது. அந்த நாளை நினைவில் வைத்திருப்பது இந்தப் படம்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இருட்டடிப்பும் சைரனும் கடலோர நகரத்தின் போர். உள்நாட்டில் போர் வேறு வடிவத்தில் இருந்தது. வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூரை எடுத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலையடிவாரத்தில், கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஊர். இத்தகைய ஊர்களுக்கு ஜப்பானிய விமானம் வரப்போவதில்லை. பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதால் நின்றுபோன பர்மா அரிசியும், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடும்தான் மாகாணத்தின் உள்ளூர்களை எட்டிய போர். ஒடுகத்தூருக்கு அருகிலுள்ள பெரிய நகரம் வேலூர். அதன் மத்திய சிறையில் அந்த ஆண்டுகளில் இருந்தவர்கள் ஜப்பானிய உளவாளிகளல்ல, காங்கிரஸ்காரர்கள். தனிநபர் சத்தியாக்கிரகத்தின்போது காமராஜர் இருந்ததும் அந்தச் சிறையில்தான். 1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்துக்குப்பின் நாட்டின் தலைவர்கள் பலரும் உள்ளே போனார்கள். அந்தச் சிறைவாசலில் நின்று பார்த்த ஒருவரிடம் 'எதிரி யார்' என்று 1943-இல் கேட்டிருந்தால், வானத்தை அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார்.

இதைவிடக் கூர்மையான ஒரு நிகழ்ச்சியும் உண்டு. படத்தின் தேதிக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன், 1943 செப்டம்பர் 10 அன்று, சென்னைச் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். மலேயாவின் பினாங்கில் பயிற்சி பெற்று, ஜப்பானின் உதவியோடு, செய்தி திரட்டவும் விடுதலைப் போருக்கு ஆள் சேர்க்கவும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். காதர் முதலானோர் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கியவர்கள். பிரிட்டிஷ் சட்டத்தின்படி அவர்கள் எதிரியின் ஒற்றர்கள். விடுதலைக்குப்பின் இந்த நாடு அவர்களைத் தியாகிகள் என்று போற்றுகிறது.

ஆக, 'ஜப்பானுக்கு உளவு பார்த்தவன்' என்ற ஒரே குற்றச்சாட்டின்கீழ் சென்னை நகரம் 1943-இல் இரண்டு வகை மனிதர்களைக் கண்டிருக்கக்கூடும். கற்பனை ராஜன் ஒரு வகை, உண்மைக் காதர் இன்னொரு வகை. பாலசந்தரும் ஜாவர் சீதாராமனும் முதல் வகையை மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். ராஜனின் காரணம் விடுதலையல்ல, மறுக்கப்பட்ட அங்கீகாரம். அவனைத் துரோகி என்று சொல்வதில் யாருக்கும் தடுமாற்றம் வராது. இந்திய தேசிய ராணுவத்துக்குக் கதையில் இடமில்லை. இன்னும் வியப்பானது, வெள்ளைக்காரனுக்கும் பெரிதாக இடமில்லை. ராஜன் காட்டிக்கொடுத்த 'நாட்டை' 1943-இல் ஆண்டுகொண்டிருந்தது யார் என்பதைப் படம் நாசூக்காகத் தாண்டிப்போகிறது. 1954-இன் சுதந்திர இந்தியாவை 1943-க்குக் கொண்டுபோய் வைத்து, அதற்கு விசுவாசமாக இருக்கும்படி பாத்திரங்களைக் கேட்கிறது.

இதை இயக்குநரின் அறியாமை என்று சொல்வதற்கில்லை. படம் வந்தபோது விடுதலை கிடைத்து ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை. செங்கோட்டை விசாரணையும் நேதாஜியின் புகழும் மக்கள் மனத்தில் சூடாக இருந்த காலம். மலேயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் அரங்குகளில் உட்கார்ந்திருந்த காலம். ஏவி.எம்.மும் 1947-இல் 'நாம் இருவர்' எடுத்துத் தேசிய உணர்வைத் திரையில் கொண்டாடிய நிறுவனம். ஜப்பானோடு சேர்ந்தவனை நல்ல நோக்கத்தோடு சேர்ந்தவனாகக் காட்டியிருந்தால், உஷா துப்பாக்கியை எடுக்கும் இடம் அரங்கை இரண்டாகப் பிளந்திருக்கும். படம் அந்த ஆபத்தைத் தவிர்த்தது. வணிகத்துக்கு அது விவேகம்தான். கலைக்கு அது இழப்பு. கொள்கையில்லாத துரோகியைக் கண்டிப்பது எளிது. கொள்கையுள்ள ஒருவன் வீட்டுக்குள் ஒற்றனாக இருந்து, அவனை நேசிக்கிறவள் வேறொரு கொள்கை உடையவளாக இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கதையை எழுதத் தேவையான அத்தனையும் பாலசந்தரின் கையிலேயே இருந்தது.

குணசேகரனும் ராஜனும்

கல்கத்தா என். விசுவநாதனையும் எஸ்.வி. சகஸ்ரநாமத்தையும் யோசித்து, கடைசியில்தான் சிவாஜி இந்தப் பாத்திரத்துக்கு வந்தார். அந்த மாற்றம் படத்தின் பொருளையே மாற்றிவிட்டது. பதினெட்டு மாதங்களுக்கு முன் 'பராசக்தி'யில், நீதிமன்றக் கூண்டில் நின்று சமூகத்தைக் குற்றவாளியாக்கியவர் அவர். குணசேகரனின் குமுறலும் ராஜனின் குமுறலும் ஏறக்குறைய ஒரே வேரிலிருந்து வருபவை: இந்த நாடு தன் பிள்ளைகளுக்கு என்ன செய்தது? ஒருவனுக்கு அரங்கம் கைதட்டியது. மற்றவனை அதே அரங்கம் வெறுத்தது. அதே குரல், அதே முகம்.

பராசக்தியில் அவருக்கு இணையாக நடித்த பண்டரிபாயே இங்கும் மனைவி. இந்தச் சேர்க்கை திட்டமிட்டதோ இல்லையோ, பார்வையாளரின் நம்பிக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எதிரியை ஏமாற்றும் கதை என்று பார்த்தால், இந்தப் படம் முதலில் ஏமாற்றுவது தன் பார்வையாளரைத்தான். கதாநாயகன் என்று நம்பி வந்தவர்களுக்கு முதல் காட்சியிலேயே அவன் பிணம். அவனைக் கொன்றவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் தவிக்கவிட்டு, கடைசியில் அவன்மேல் இருந்த அனுதாபத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. சிவாஜியின் நடிப்பில் பின்னாளில் கூடிய உரத்த தன்மை இதில் குறைவு. ஆளுக்கு ஆள் மாறும் ராஜனை அவர் நடையிலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் மட்டுமே வேறுபடுத்திக் காட்டுகிறார். அவருடைய சிறந்த பாத்திரங்களின் பட்டியல்களில் ராஜனுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

உஷா

உஷாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவனுக்கு எதிராக நாட்டைத் தேர்ந்தெடுக்கும் மனைவி, 1954-இன் தமிழ்த் திரையில் சிறிய விஷயமல்ல. கணவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும் அவனைத் திருத்திக் காலில் விழும் பத்தினிகளே அன்றைய திரையின் வழக்கம். உஷாவும் திருத்தப் பார்க்கிறாள். முடியாதபோது துப்பாக்கியை எடுக்கிறாள். அவளுடைய நாட்டுப்பற்று திருமணத்தின் வழியே வந்ததல்ல. கல்லூரி மேடையில், ராஜனைக் காதலிப்பதற்கு முன்பே அது அவளிடம் இருந்தது. ஆகவே அவள் எடுக்கும் முடிவு அவளுடையது.

ஆனால் படம் கடைசி நொடியில் பயந்துவிடுகிறது. அவள் சுடவில்லை, துப்பாக்கி வெடித்துவிட்டது. கொலைப்பழியும் கைம்மைத் துயரும் ஒன்றாக ஒரு பெண்மேல் விழுவதை அன்றைய அரங்கம் தாங்காது என்று நினைத்திருக்கலாம். எதிரி யார் என்ற கேள்வியைத் தாண்டிப்போன அதே கை, இங்கே விசையை அழுத்தும் பொறுப்பையும் உஷாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. இருந்தாலும் பண்டரிபாயின் முகம் திரைக்கதை சொல்லத் துணியாததைச் சொல்லிவிடுகிறது. விசாரணை நடக்கும் நேரம் முழுக்க அவள் துயரம் நிறைந்த விதவையாக அந்த வீட்டிலேயே இருக்கிறாள், யாரும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவளும் யாரையும் காட்டவில்லை. முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பார்ப்பவர்கள் அவளுடைய மௌனத்தை மட்டும் தொடர்ந்து கவனிக்கலாம். முதல் முறை சோகமாகத் தெரிந்தது இரண்டாம் முறை வேறாகத் தெரியும்.

பாடல் இல்லாமை

தொடக்ககாலப் பேசும்படங்களில் பாடல்கள் டஜன் கணக்கில் இருந்தன. ஐம்பதுகளில் எண்ணிக்கை குறைந்தாலும் பாட்டில்லாத படம் உப்பில்லாப் பண்டமாகவே கருதப்பட்டது. இந்தியில் 1937-இல் வந்த 'நவ்ஜவான்' பாடலின்றி வந்திருந்தது. தமிழில் அதைச் செய்தவர் ஓர் இசைக்கலைஞர் என்பதுதான் சுவை. பாட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர் பாட்டே வேண்டாம் என்றும் முடிவெடுத்திருக்கிறார். வாக்குமூலங்களுக்கு நடுவே ஒரு பாட்டு வந்திருந்தால் சந்தேகத்தின் கயிறு அறுந்திருக்கும்.

மாருதிராவின் ஒளிப்பதிவு அந்த இடத்தை நிரப்புகிறது. பாதி முகத்தில் விழும் வெளிச்சம், தாழ்வான கோணங்கள், சுவரில் நீளும் நிழல்கள் ஆகியவை அன்றைய ஹாலிவுட் குற்றப்படங்களின் மொழி. ஒரே வீடு, ஒரே அறை ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வெவ்வேறு இடமாகத் தெரிவது விளக்கு வைத்த கையின் திறமை.

முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை. பாட்டில்லாததும் கதாநாயகன் துரோகியானதும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. விருதுக்குப்பின் மறுவெளியீட்டில்தான் கவனம் கிடைத்தது. பாலசந்தர் பின்னர் 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' முதலிய மர்மப் படங்களை எடுத்தார். அவற்றில் பதற்றம் உண்டு, சிலவற்றில் பாட்டும் உண்டு. நாடு, துரோகம் போன்ற கனமான விஷயங்களை அவர் மறுபடி தொடவில்லை.

அதைத் தொட்டது வேறொரு பாடலில்லாப் படம். 1995-இல் பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'குருதிப்புனல்', கோவிந்த் நிஹலானியின் இந்திப் படமான 'துரோக்கால்' படத்தின் தமிழ் வடிவம். அதிலும் எதிரியின் கூட்டத்துக்குள் ஒற்றர்கள் அனுப்பப்படுகிறார்கள், அதிலும் காட்டிக்கொடுப்பவன் உள்ளேயே இருக்கிறான். ஆனால் அங்கே காட்டிக்கொடுப்பவனுக்குப் பார்வையாளர் எளிதில் தள்ளிவிட முடியாத காரணம் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது: பெற்ற பிள்ளையின் உயிர். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவருக்கு, ராஜனிடம் இல்லாதது எது என்பது விளக்காமலே விளங்கும்.